ஹிசானோவின் முடி என்ன நிறம்

ஹிசானோவின் தலைமுடிக்கு ரோஸ் நிறம் கொடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதை போன பிறகு தெரிந்து, இந்தக் கிழவியையா இவ்வளவு நேரம் நம்பினோம் என்று நீங்கள் மனம் நோகக் கூடாது பாருங்கள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. எனக்கு நாற்பத்தைந்து வயது. தோக்கியோவில் ஓகிகுபோ பக்கம் ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோவில் வண்ணம் தீர்மானிக்கிற வேலை. படக்கதை பத்திரிகையில் கருப்பு வெள்ளையில்தான் வரும். அதே கதை தொலைக்காட்சிக்குப் போகும்போது யாருக்கு என்ன கண், என்ன சட்டை, என்ன முடி என்று ஒருத்தர் உட்கார்ந்து முடிவு பண்ண வேண்டும். 'திங்கட்கிழமை வாசல்' என்ற காதல் நகைச்சுவைக் கதையின் முதல் அத்தியாயத்தை மட்டும் நகலெடுத்து என் மேஜையில் வைத்தார்கள். கதாநாயகி ஹிசானோவின் முடிக்குள் மை இல்லை. சுற்றிக் கோடு, நடுவில் வெள்ளைக் காகிதம். அப்படி விட்டால் கருப்பு முடி இல்லை என்று அர்த்தம். மற்றபடி என்ன நிறமாகவும் இருக்கலாம்.

ஒரு வாரம் கெடு. ஹிசானோவுக்கு ரோஸ், தெப்பெய் என்ற பையனுக்கு நீலம், தோழிக்குப் பச்சை, வகுப்புத் தலைவனுக்கு ஊதா. எங்கள் தொழிலில் அது வழக்கம். முகம் எல்லாம் ஒரே அச்சு. தள்ளி உட்கார்ந்து பார்க்கிற குழந்தைக்கு முடியை வைத்துத்தான் ஆள் தெரியும். பளிச்சென்று இருக்கிறது என்றார்கள். படத்துக்குப் பணம் போட்ட பொம்மைக் கம்பெனிக்காரர் கைதட்டினார்.

இரண்டாம் அத்தியாயத்தைக் கேட்டு வாங்கி நான் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

இரண்டாம் அத்தியாயத்தில்தான் கதையே இருக்கிறது. ஹிசானோவின் முடி பிறவியிலேயே பழுப்பு. பள்ளிக்கூட விதியோ கருப்பு. பிறவிப் பழுப்பு என்றால், சின்ன வயது போட்டோவோடு பெற்றவர்கள் முத்திரை வைத்த சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். ஒழுக்கம் பார்க்கிற வாத்தியார் நம்பவில்லை. திங்கட்கிழமை காலைகளில் வாசலில் மாணவர் ஒழுங்குக் குழு நிற்கும். கையில் ஒரு நீள அட்டை. அதில் கருப்பிலிருந்து வெளிர்ப் பழுப்பு வரை பத்துப் பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். முடியோடு அட்டையை ஒட்டி வைத்துப் பார்த்து, மூன்றுக்கு மேல் போனால் வீட்டுக்கு ஓடிக் கருப்பு அடித்துக்கொண்டு வர வேண்டும். அட்டையைப் பிடிக்கிறவன் தெப்பெய். அவள் முடி ஏழு. அவன் வாத்தியார் காதில் விழுகிற மாதிரி, "மூணு, சார்" என்பான். வாராவாரம் அந்த ஒரு பொய்யைச் சொல்வதற்காகவே அங்கே நிற்பான். அந்தப் பொய்தான் காதல். சிரிப்பும் அங்கேதான். ஒரு திங்கள் பதற்றத்தில் அட்டையை வாத்தியாரின் டோப்பா மேலேயே வைத்து, "ஒண்ணு, பாஸ்" என்றுவிடுகிறான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நீல முடிக்காரன் ஒருத்தன் ரோஸ் முடிக்காரியைப் பார்த்து, உன் முடி கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்று எப்படிச் சொல்வான்? சொல்ல முடியாது. அதனால் தொலைக்காட்சிக்கு எழுதினவர்கள் அட்டையையே மாற்றினார்கள். அது ராசிபலன் அட்டை ஆனது. தெப்பெய் வாசலில் நின்றுகொண்டு, "இந்த வாரம் தெற்குப் பக்கம் போகாதே" என்று அவளுக்குக் குறி சொன்னான். இருபத்தாறு பகுதிகள். நன்றாக ஓடியது. பொம்மையும் நன்றாக விற்றது.

முதல் பகுதியை எங்களோடு உட்கார்ந்து பார்க்கக் கதையை எழுதி வரைந்த உதகாவா மிச்சிரு வந்திருந்தார். இருபத்து நான்கு வயதுப் பெண். விளக்குப் போட்டதும் எழுந்து, இடுப்பு வரை குனிந்து, "எல்லாரும் ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க" என்றார். நாங்களும் குனிந்தோம். அவருக்குச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டோம். அந்த ஒரு வாக்கியத்தைப் போர்த்தி எத்தனை வயிற்றெரிச்சலை மறைத்துவைக்கலாம் என்று இங்கே பிறந்து வளர்ந்த எனக்கே அப்போது உறைக்கவில்லை.

போன வருஷம் அதே கதையை மறுபடியும் எடுக்க ஆரம்பித்தார்கள். இந்த முறை அட்டை உண்டு, வாத்தியார் உண்டு, படக்கதையில் இருப்பது அப்படியே என்று விளம்பரம். பழைய ரசிகர்களுக்கு ஒரு மரியாதை என்று சொல்லி, எழுபத்தொரு வயதில் என்னையும் கூப்பிட்டார்கள்.

செப்டம்பரில் ஒரு காலை பத்து மணிக்கு வண்ணக் கூட்டம். தயாரிப்பாளர் அக்குட்சு, நாற்பதுகூட ஆகாத ஆள், எந்நேரமும் சிரித்த முகம். பணம் போடுகிற ஐந்து கம்பெனிகளிலிருந்து ஆளுக்கொருவர். மேஜைக் கடைசியில் நான். எழுதுகிறவர்களை நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுகிற மாதிரி சொன்னால், உதகாவா சென்செய் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை.

அக்குட்சு திரையில் படத்தைப் போட்டார். "இதுதான் சென்செய், புது ஹிசானோ. பழைய ரோஸை விட அடக்கமா வெச்சிருக்கோம். இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி."

"நான் அனுப்பின மூணு கடிதத்துலயும் பழுப்புன்னு எழுதியிருந்தேனே. படிச்சீங்களா?"

"படிச்சோம் சென்செய். உங்க உணர்வை முழுசா மதிக்கிறோம்."

"அது உணர்வு இல்ல. நிறம்."

அக்குட்சு சிரிப்பை விடவில்லை. "கார்ட்டூன்ல முடி நிறத்தை யாரும் நிஜமா எடுத்துக்க மாட்டாங்க சென்செய். நீலம்னா கருப்புன்னு மனசுக்குள்ள மாத்திக்குவாங்க. பாக்கறவங்களுக்கும் நமக்கும் ஒரு ஒப்பந்தம் மாதிரி."

"சரி. நீலம் கருப்பு. பச்சை?"

"அதுவும் கருப்புதான்."

"ரோஸ்?"

"ரோஸும்... ஒரு மாதிரி கருப்புதான்."

"அப்ப அவளை மட்டும் எதுக்கு வாசல்ல நிறுத்திப் பிடிக்கிறாங்க?"

சென்செய் பையிலிருந்து ஒரு நீள அட்டையை எடுத்தார். வரைவதற்குப் பார்த்துக்கொள்ளத் தானே செய்தது. கருப்பிலிருந்து பழுப்பு வரை பத்துப் பட்டை. நேரே போய் அதைத் திரையில் இருந்த ரோஸ் முடி மேல் வைத்தார்.

"சொல்லுங்க. எத்தனாம் நம்பர்?"

"வேணும்னா அட்டையில ரோஸ்ல ஒரு பட்டை சேர்த்துக்கலாம் சென்செய்," என்றார் அக்குட்சு.

பொம்மைக் கம்பெனிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பழைய ஆள் இல்லை, இவர் வேறு. சிரிப்பு மட்டும் அதேதான். "நல்ல ஜோக்கா இருக்கே. அதையே வெச்சுக்கலாமே" என்றார்.

சென்செயின் கழுத்து சிவந்து காது வரை ஏறியதை நான் பார்த்தேன். அட்டையை மெதுவாக மேஜையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"முதல்ல இவளை ரோஸாக்கினது யாரு?"

அக்குட்சு என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "அது அந்தக் காலத்துல எல்லாரும் சேர்ந்து" என்று இழுத்தார்.

"நான்தான்," என்று கையைத் தூக்கினேன். "குரிமோத்தோ ஹட்சுயே."

"கதையைப் படிச்சீங்களா?"

"முதல் அத்தியாயம் மட்டும்."

"ஏன்?"

"அவ்வளவுதான் கொடுத்தாங்க. நானும் கேக்கல."

"கேக்கல," என்று அவர் திருப்பிச் சொன்னார். "எங்க அக்கா சனாயே. ஹிசானோ அவதான். பழுப்பு முடியோட பொறந்தா. பதினாறு வயசுல வாராவாரம் ஸ்கூல் பாத்ரூம்ல தலையைக் குனிய வெச்சு வாத்தியாரே கருப்பு ஸ்ப்ரே அடிச்சாங்க. மண்டை கொப்புளிச்சுது. தலையணை உறையில சீழ். ரெண்டாவது வருஷமே படிப்பை விட்டுட்டா. தெப்பெய் மாதிரி ஒருத்தனும் அந்த வாசல்ல நிக்கல. நான்தான் நிக்க வெச்சேன், காகிதத்துல. 'உன் முடியை டிவில காட்டப் போறாங்க அக்கா'ன்னு போன் பண்ணினேன். வேலைக்கு லீவு போட்டுட்டு உக்காந்து பாத்தா."

ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார்.

"பாத்துட்டு என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டா. 'மிச்சி, நீயும் மாத்திட்டியா'ன்னு. இன்னைக்கும் மூணு வாரத்துக்கு ஒரு தடவை கருப்பு அடிக்கிறா. அவ வீட்டுக்காரருக்கே அவ முடி என்ன நிறம்னு தெரியாது. ஹிசானோ யாருன்னும் தெரியாது. நான் மாத்தலன்னு அவளுக்குக் காட்டணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

"நாங்க முடிவு பண்றது இல்லீங்க சென்செய்," என்றார் அக்குட்சு. "கமிட்டி."

"கமிட்டி எங்க இருக்கு?"

"அது வந்து... இங்க இருக்கறவங்கதான்."

"இதுல யாரு?"

ஐந்து பேரும் மேஜையைப் பார்த்தார்கள். ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். சென்செய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வெளியே நடந்தார். போகும்போது குனியவில்லை. அவர் சொன்னதை விட, குனியாமல் போனதுதான் அந்த அறையில் பெரிய பேச்சாகிவிட்டது. "ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்றார் ஒருவர். "கலைஞர்கள்" என்றார் இன்னொருவர். எனக்கு அவர்கள் தேநீரைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் எந்த முகத்தோடு தட்டுவது? முதல் ரோஸ் என்னுடையது.

அன்றே அந்தப் படக்கதையின் பதினொரு தொகுதிகளையும் வாங்கினேன். நாலு நாளில் படித்தேன். ஏழாவது தொகுதியில் ஹிசானோ அறிவியல் கூடத்துத் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு, கருப்புத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே தெப்பெய்க்கு ஜோக் சொல்கிறாள். அவன் சிரிக்கவில்லை. ரயிலில் அதைப் படித்துக்கொண்டிருந்த நான், இறங்க வேண்டிய நிலையத்தை விட்டு எட்டு நிலையம் தாண்டிப் போய்விட்டேன். என் மேலேயே எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதைச் சுமந்துகொண்டு நடைமேடையில் நிற்க முடியவில்லை, பெஞ்சைத் தேடினேன்.

பத்து நாள் கழித்து, ஸ்டூடியோ வாசலில் காபி மெஷின் பக்கத்தில் அக்குட்சு என்னைப் பிடித்தார். டப்பா காபி ஒன்றை என் கையில் திணித்தார்.

"குரிமோத்தோ சான், நல்ல சேதி. பழுப்பு. சென்செய்க்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"கமிட்டி சம்மதிச்சிடுச்சா?"

"இப்போதைக்குப் பழுப்புலயே அடிங்க. மத்தவங்க முடியெல்லாம் கருப்பு. சென்செய் கேட்டபடியே மாதிரிப் படம் அனுப்புவோம், அவங்களும் நிம்மதியா கதை வசனமெல்லாம் சரிபார்த்துக் கொடுப்பாங்க. பிப்ரவரில எல்லாம் முடிஞ்சதும் முடியை மட்டும் ரோஸுக்கு மாத்திடலாம். இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரு கிளிக் தானே?"

"சென்செய்கிட்ட அதைச் சொன்னீங்களா?"

"எதுக்கு? ஒளிபரப்பு ஆனப்புறம் ரசிகர்கள் ஏத்துக்கிட்டா அவங்களும் ஏத்துப்பாங்க."

"அப்ப பொய் சொல்லியிருக்கீங்க."

"பொய் இல்ல குரிமோத்தோ சான். வரிசை. முதல்ல பழுப்பு, அப்புறம் ரோஸ்." சிரித்தார். "பாவம், சந்தோஷத்துல ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்பியிருக்காங்க. மேல வெச்சிருக்கு, எடுத்துக்கோங்க."

மேலே போனேன். சமையல் மேடையில் பெட்டி திறந்து கிடந்தது, சுற்றி நாலைந்து பேர், கையில் ஆளுக்கொரு துண்டு. மிச்சமிருந்த ஒவ்வொரு காயும் வலைச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேலே சென்செயின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'அன்று கடுமையாகப் பேசியதற்கு மன்னிக்கவும். அக்காவிடம் சொல்லிவிட்டேன்.'

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்தது அழுகை இல்லை. கோபம். ஏமாற்றுகிறவன் ஏமாற்றுகிறான், ஏமாந்தவர் மன்னிப்புக் கேட்டுப் பழம் அனுப்புகிறார், சுற்றி நின்று ஆளுக்கொரு துண்டு நறுக்கித் தின்கிறார்கள். நானும் ஒரு துண்டு தின்றிருந்தால் அந்த அறையில் எல்லோரையும் போல ஆகியிருப்பேன். தின்னவில்லை.

சென்செய்க்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அவர் வருவார், பேசுவார். ஐந்து பேரும் மேஜையைப் பார்ப்பார்கள். அக்குட்சு குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, நான் இல்லாத வேறொரு ஸ்டூடியோவில் வைத்து மாற்றிக்கொள்வார். அதனால் என் கையில் இருந்ததை நான் செய்தேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு எண். கண்ணுக்கு ஒரே பழுப்பாகத் தெரிந்தாலும், முடிக்கு ஒரு எண், செருப்புக்கு வேறு எண் என்று ஒரு புள்ளியாவது தள்ளி வைக்க வேண்டும். ஏனென்றால், பின்னால் முடியை மாற்று என்றால் கம்ப்யூட்டர் முடியைத் தேடாது. அந்த எண்ணைத்தான் தேடும். எண் தனித்தனியாக இருந்தால் முடி மட்டும் மாறும். ஒன்றாக இருந்தால், அந்த எண் எங்கெல்லாம் இருக்கிறதோ அதெல்லாம் சேர்ந்து மாறும். இரண்டு பொருளுக்கு ஒரே எண் கொடுக்கிறவரை எங்கள் தொழிலில் கத்துக்குட்டி என்பார்கள்.

நான் ஹிசானோவின் முடிக்கு ஒரு அழகான பழுப்பைத் தேர்ந்தெடுத்தேன். வெயிலில் பிடித்த பார்லி டீ மாதிரி. அந்த எண்ணையே தெப்பெயின் கண்ணுக்குக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் இருக்கிற எல்லோருடைய ஷூவுக்கும் கொடுத்தேன். புத்தகப் பைகள், வாத்தியாரின் மீசை, ஹிசானோ வீட்டு நாய், கேன்டீனில் விற்கிற கறி வைத்த பன். நிழல் விழும் இடத்துக்கும் அப்படியே, நிழல் எண்ணும் ஒன்றே.

பெயின்ட் அடிக்கிற கூடத்திலிருந்து முரோயி என்ற பெண் போன் பண்ணினாள். "குரிமோத்தோ சான், ஹிசானோ முடியும் நாயும் ஒரே எண்ணா இருக்கே. கண்ணாடி மாத்தணுமோ?"

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. அப்படியே அடிம்மா."

"நோட்டீஸ் போர்டுலயே ஒட்டியிருக்கு, ஒரே எண் கூடாதுன்னு. ஒட்டினதே நீங்கதான்."

"தெரியும்."

"மீசையுமா?" என்றாள்.

"மீசையும்தான்."

"சரி. நான் ஒண்ணும் கேக்கல," என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி பதினேழாம் தேதி காலை. எட்டுப் பகுதிகள் முழுசாக முடிந்துவிட்டன. ஏப்ரல் முதல் ஞாயிறு ஒளிபரப்பு. அக்குட்சு கிளிக் பண்ணியிருக்கிறார். என்னைக் கூப்பிட ஆள் வரவில்லை, அவரே ஓடி வந்தார். சிரித்த முகத்தை அன்றைக்கு எங்கேயோ வைத்துவிட்டு வந்திருந்தார்.

திரையைப் பார்த்தேன். ஹிசானோவின் முடி ரோஸ். தெப்பெயின் கண்கள் முயல் கண் மாதிரி ரோஸ். வாசலில் நிற்கிற நூறு பேரும் ரோஸ் ஷூ போட்டிருந்தார்கள். வாத்தியார் ரோஸ் மீசையை முறுக்கிக்கொண்டு ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். ரோஸ் நாய் ஒன்று ரோஸ் பன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"இது என்னது?"

"ரோஸ்," என்றேன்.

"விளையாடாதீங்க. எத்தனை இடம் இப்படி?"

"எட்டுப் பகுதியிலயும். ஷூ தெரியற இடமெல்லாம்."

"பிரிக்க எத்தனை நாளாகும்?"

"ஒவ்வொரு படமா கையால பிரிக்கணும். பகுதிக்கு நாலாயிரம் படம். முரோயிகிட்ட கேட்டுப் பாருங்க. மே மாசம் வரைக்கும் அவங்களுக்கு வேற வேலை."

அவர் நாற்காலியில் விழுந்தார். பிறகு எழுந்தார். கத்த ஆரம்பித்தார். ஐம்பது வருஷ அனுபவம் என்று நம்பினேன் என்றார். வயசானவங்களை வேலைக்கு வைக்காதே என்று எல்லோரும் சொன்னார்கள், கேட்கவில்லை என்றார். "இது நாசவேலை. பழிவாங்கறீங்களா?"

"நீங்க சென்செய்கிட்ட பழுப்புன்னு சொன்னீங்க. நான் பழுப்பு அடிச்சேன். இதுல எது நாசவேலை?"

"கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? வரிசையைச் சொல்லுங்க. முதல்ல பழுப்பு, அப்புறம் பழுப்பு."

என் வாழ்நாளில் ஒரு தயாரிப்பாளரிடம் நான் அப்படிப் பேசினதில்லை. "அந்தம்மா அனுப்பின பேரிக்காயைத் தின்னீங்களே அக்குட்சு சான்," என்றேன். "சீட்டைப் படிச்சுட்டுத் தின்னீங்களா, படிக்காமயா?"

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார். தப்புச் செய்தால் நடந்ததை எழுதி, மன்னிப்புக் கேட்டு, முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். எந்த அலுவலகத்திலும் அதுதான் முறை. "கமிட்டிக்கு எழுதுங்க. முழுப் பொறுப்பும் உங்களோடதுன்னு."

எழுதினேன். உட்கார்ந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல். தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஒரு பெண்ணின் முடிக்குக் கதையைப் படிக்காமல் நிறம் கொடுத்தேன். ஏழாம் நம்பர் பழுப்பைக் காட்ட வேண்டிய இடத்தில் ரோஸைக் காட்டினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முழுப் பொறுப்பும் என்னுடையது. வெட்கப்படுகிறேன். முத்திரையை அழுத்தி வைத்தேன்.

அக்குட்சு வாங்கித் தாளின் முதல் வரியைப் பார்த்தார். "யாருக்குன்னு எழுதியிருக்கீங்க இதை? சனாயே யாரு?"

"கூட்டத்துல நீங்களும்தான் இருந்தீங்க," என்றேன். "காது கேட்டிருக்குமே."

அந்த வாரமே என்னை அனுப்பிவிட்டார்கள். மீதிப் பகுதிகளுக்கு வேறொருவர். கமிட்டி கூடியது, என்ன பேசியது என்று எனக்குத் தெரியாது. மார்ச்சில், ஹிசானோவுக்குப் பழுப்பு முடிதான் என்று பத்திரிகைகளில் ஒரு அறிக்கை வந்தது. 'நிஜத்துக்கு நெருக்கமான துணிச்சலான புதிய பார்வை' என்று எழுதியிருந்தார்கள். துணிச்சலாம். பேப்பரை மடித்துக் குப்பையில் போடக்கூடக் கை வரவில்லை. காய்கறித் தோலை அதில் கொட்டிச் சுருட்டிப் போட்டேன்.

ஏப்ரல் முதல் ஞாயிறு, மாலை ஐந்து மணி. வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். வாசல் வந்தது. கருப்புத் தலைகளுக்கு நடுவே ஒரே ஒரு பழுப்புத் தலை. வெயில் பட்டதும் நான் நினைத்த மாதிரியே இருந்தது. தெப்பெய் அட்டையை ஒட்டி வைக்கிறான், "மூணு, சார்." கடைசியில் பெயர்கள் ஓடின. வண்ணம் என்ற இடத்தில் புது ஆள் பெயர் மட்டும். எனக்கு அது தெரிந்த விஷயம்தான்.

ஐந்தே முக்காலுக்கு டெலிபோன். உதகாவா சென்செய். என் டெலிபோன் எண்ணை யாரிடம் வாங்கினாரோ.

"பாத்தீங்களா?"

"பாத்தேன் சென்செய். அக்கா?"

"பாத்தா. வீட்டுக்காரரையும் பக்கத்துல உக்கார வெச்சிருக்கா. பாதியில அந்தப் பொண்ணைக் காட்டி, 'இது நான்தான்'னு சொல்லிட்டாளாம். அந்த மனுஷன் டிவியைப் பாக்கறாரு, இவ தலையைப் பாக்கறாரு. 'உள்ள இப்படியா இருக்கு?'ன்னு கேட்டிருக்காரு. 'இருந்துச்சு. இப்ப நரைச்சிருக்கும், எனக்கே தெரியாது'ன்னு சொன்னாளாம். இனிமே அடிக்கப் போறதில்லையாம். என்ன வருதோ வரட்டும்னு விட்டுட்டா."

சென்செயின் குரல் ஏறிக்கொண்டே போனது.

"நீங்க அக்காவுக்கு எழுதின கடிதத்தை அந்த அக்குட்சு ஒரு மாசத்துக்கு மேல மேஜைக்குள்ள வெச்சிருந்தாரு. அங்க பெயின்ட் அடிக்கற ஒரு பொண்ணுதான் எடுத்து அனுப்பினா. நடந்ததையும் அவதான் சொன்னா. ஏன் என்கிட்ட சொல்லல நீங்க?"

"சொன்னா கெட்டுப் போயிடும்னு நினைச்சேன்."

"நினைச்சீங்களா? அன்னைக்கும் நீங்களா நினைச்சுதான் ரோஸ் அடிச்சீங்க. இன்னைக்கும் நீங்களா நினைச்சுதான் நாய்க்குப் பழுப்பு அடிச்சிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

"தப்புதான்."

"தப்புதான்னு சொல்லாதீங்க. கோபம் வருது. உங்க பேரை ஏன் எடுத்தாங்க?"

"விடுங்க சென்செய். எட்டே பகுதிதான். வயசாச்சு எனக்கு."

"எட்டுப் பகுதிக்கும் நிறம் கொடுத்தது யாரு?"

"நான்."

"அப்ப பேரு எங்க? எடுத்தப்ப என்ன பண்ணினீங்க? குனிஞ்சு கும்பிட்டுட்டு வந்தீங்களா?"

அப்படித்தான் வந்திருந்தேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டூடியோ வாசல்ல இருப்பேன்," என்றார். "நீங்களும் வர்றீங்க. உங்க பேரைப் போடாம ரெண்டாவது பகுதி போகக் கூடாது. உள்ள போனதும் யாருக்கும் குனியாதீங்க, சொல்லிட்டேன். குனிஞ்சீங்கன்னா அங்கேயே உங்களைத் திட்டுவேன்."

சரி என்றேன். அவர் வைக்கவில்லை. அக்குட்சுவைத் திட்டினார், கமிட்டியை ஒவ்வொருவராகத் திட்டினார், நடுநடுவே என்னையும் திட்டினார். நான் டெலிபோனைக் காதில் வைத்தபடியே அலமாரியைத் திறந்து, நாளைக்குப் போட்டுக்கொண்டு போகக் கோட்டைத் தேட ஆரம்பித்தேன்.